அம்மாவுக்கு வழிவிட்ட 800 கிலோ லேத்!

இரவு ஒன்றரை மணி. கோவை, கணபதியில் ஒரு குறுக்குச் சந்து. வாசலில் 108 ஆம்புலன்ஸ் சுழல் விளக்கோடு நிற்கிறது. வீட்டுக்குள், 79 வயது அம்மா மூச்சுவிட முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறார். ஆனால், ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேரும் கார் ஷெட்டிலேயே நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் போக வழியில்லை.

பெயர்தான் கார் ஷெட். உள்ளே கார் இல்லை. இடதுபக்கச் சுவரை ஒட்டி ஒரு லேத். எதிரில் டிரில்லிங் மெஷின், அதையடுத்து இரும்பு அறுக்கும் பவர் ஹேக்ஸா, மூலையில் கிரைண்டிங் மெஷின். நடுவில் மகளின் ஸ்கூட்டர். பகலிலேயே ஓர் ஆள் உடம்பை ஒருக்களித்துத்தான் உள்ளே போக வேண்டும். ஆறடிக்கு மேல் நீளமுள்ள ஸ்ட்ரெச்சர் எப்படித் திரும்பும்?

``பிளாஸ்டிக் சேர் இருந்தா எடுங்க'' என்றார் வந்தவர்களில் ஒருவர். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். லேத்தைத் தாண்டும்போது அம்மாவின் சேலை முந்தானை, கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. முப்பத்தைந்து வருடங்களாக மகன் சோறு சாப்பிடும் தொழிலின் கைப்பிடி அது. இருட்டில் தடவித் தடவி அவர் அதை விடுவிப்பதற்குள் அரை நிமிடம் போயிருக்கும். அந்த அரை நிமிடத்தை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஆறாவது நாள் வீட்டுக்கு வந்தார். ``இதய பலவீனம். மறுபடியும் இப்படி வரலாம். வந்தால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்'' என்று சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டர். அன்று சாயங்காலம் அவர் லேத் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பழைய மெஷின் வாங்கி விற்கும் புரோக்கருக்கு போன் போட்டார்.

வீட்டுக்குள் வந்த பட்டறை

கோவைக்கு இது புதுக்கதை இல்லை. 1888-ல் இங்கே முதல் நூற்பாலை வந்தது. மில்கள் பெருகப் பெருக, அவற்றின் மெஷின்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. பிறகு மோட்டார், பம்ப்செட், வெட் கிரைண்டர் என்று ஊரே இரும்போடு பழகிவிட்டது. ஒரு பம்ப்பின் எல்லா பாகங்களையும் ஒரே கம்பெனி செய்வதில்லை. ஷாஃப்ட் ஒரு சந்தில் கடையப்படும். புஷ் அடுத்த சந்தில். சாவிப்பள்ளம் வெட்டுவது இன்னொரு வீட்டில். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சும்மா நடந்து போனாலே, சமையல் வாசனையோடு கூலன்ட் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும்.

அவர் பத்தொன்பது வயதில் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். இருபது வருடங்களுக்கு மேல் அடுத்தவர் பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு, கையில் இருந்ததையும் மனைவியின் நகையையும் சேர்த்து ஒரு பழைய ராஜ்கோட் லேத் வாங்கினார். வாடகை ஷெட்டில் தொழில் நடந்தது. ஷெட்காரர் இடத்தை விற்றுவிட, புது இடத்து வாடகை கட்டுப்படியாகவில்லை.

``ரெண்டே மாசம். அப்புறம் வேற இடம் பார்த்துக்கலாம்'' என்று மனைவியிடம் சொல்லித்தான் மெஷின்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு மாதம், இரண்டு வருடம் ஆனது. கடப்பாரை, இரும்பு பைப், செயின் பிளாக்கோடு வந்த ஆட்கள் எந்த இடத்தில் லேத்தை வைத்துவிட்டுப் போனார்களோ, அங்கிருந்து அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

``வழி விடச் சொல்லுங்க!''

புரோக்கர் மறுநாள் வந்தார். லேத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கியரைப் பற்றிக் கேட்கவில்லை, பெட் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கவில்லை. ``எத்தனை கிலோ இருக்கும்?'' என்று மட்டும் கேட்டார். அடுப்படியில் இருந்த மனைவிக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

``ஏனுங்க... அதை எடைக்குப் போட்டுப்போட்டு நாளைக்கு என்ன பண்றதுங்க?'' என்றார் இரவில்.

``அம்மாவைத் தூக்கிட்டுப் போக வழியில்லையே...''

``வழியில்லைன்னா அதை வழி விடச் சொல்லுங்க. சிலிண்டரை நான் ஒத்தையாத்தானே நகர்த்தறேன்?''

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டர், இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோ. சக்கரம் வைத்த வளையத்தில் உட்கார்ந்து அடுப்படியில் ஓடும். ``அது முப்பது கிலோம்மா. இது எண்ணூறு!''

``அப்ப சக்கரத்தையும் பெருசாப் போடுங்க.''

சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார் அவர். கணவருக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மகள் ஒரு வேலை செய்தாள். பழைய செய்தித்தாள்களை எடுத்துவந்து, ஒவ்வொரு மெஷினின் அடிப்பாகத்தையும் அளந்து, அதே அளவில் வெட்டினாள். ஷெட்டின் அளவான பத்தடிக்குப் பதினாறடியை ஹால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். காகித மெஷின்களை அதற்குள் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். பாட்டியும் கட்டிலில் இருந்தபடியே யோசனை சொன்னார்.

அரை மணி நேரத்தில் ஒரு விஷயம் புரிந்தது. இத்தனை நாளும் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த லேத், உண்மையில் பாதிக் குற்றவாளிதான். மீதி, எதிர்ப்பக்கம் இருந்த சின்ன மெஷின்களும் ஸ்கூட்டரும். வேலை முடிந்ததும் அந்தச் சின்ன மெஷின்களை ஒரே மூலையில் நெருக்கித் தள்ள முடிந்தால், லேத்தை ஒன்றரை அடி நகர்த்தினால், வீட்டு வாசலில் இருந்து கேட் வரைக்கும் மூன்றடி அகலத்தில் நேர் வழி கிடைக்கும்.

பிசிறு கற்றுக்கொடுத்த பாடம்

முதலில் டிரில்லிங் மெஷின். ஹார்டுவேர் கடையில் கண்ணில் பட்ட நான்கு சின்னச் சக்கரங்களை வாங்கிவந்து, ஓர் ஆங்கிள் ஃபிரேமில் பொருத்தி, மெஷினை ஏற்றிவிட்டார். அப்பாவும் மகளும் தள்ளினார்கள். அழகாக ஓடியது, நான்கடி தூரத்துக்கு.

ஐந்தாவது அடியில், தரையில் கிடந்த சுருள் பிசிறு ஒன்று முன்சக்கரத்துக்கு அடியில் போனது. விரல் நீளம்கூட இல்லை. சக்கரம் நின்றுவிட்டது. மெஷினின் தலை நிற்கவில்லை. தூண் வைத்த டிரில்லிங் மெஷினுக்கு மோட்டார், புல்லி என்று கனமெல்லாம் உச்சியில்தான். அப்படியே முன்னால் சாய்ந்தது. அவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பிடிக்கப் போனார்.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார் ஒருவர். மெஷின் ஷிஃப்டிங் வேலை பார்க்கும் பழைய நண்பர். அம்மாவைப் பார்க்க வந்திருந்தவர். டிரில்லிங் மெஷின் ஹேக்ஸாமேல் மோதி நின்றது. கைப்பிடி உடைந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

``விழற மெஷினைப் பிடிக்கவே கூடாது. அதை மறுபடி வாங்கிக்கலாம். கை வாங்க முடியுமா?'' என்று சத்தம் போட்டார் நண்பர். மகளின் முகம் வெளுத்துப்போயிருந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் டீ போட்டுக்கொண்டு வந்தார். அந்த டீ ஆறுவதற்குள் நண்பர் சொன்னதுதான், அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கனமான பொருளுக்குச் சின்னச் சக்கரம் ஆகாது. சக்கரம் பெரிதாக இருந்தால்தான் பிசிறையும் தரை வெடிப்பையும் ஏறித் தாண்டும். ரப்பர் சக்கரம் வாரக்கணக்கில் கனத்தைத் தாங்கி நின்றால் அடியில் தட்டையாகிவிடும். வெறும் இரும்புச் சக்கரம் தரையைக் கீறும். நடுவில் வார்ப்பிரும்பு, மேலே பாலியூரித்தேன் பூசிய சக்கரம் இரண்டுக்கும் நடுவே நல்லது. நான்கையும் திரும்பும் சக்கரமாகப் போட்டால் மெஷின் எங்கே போகிறது என்று நமக்கே தெரியாது. இரண்டு நேராக ஓட வேண்டும், இரண்டு மட்டும் திரும்ப வேண்டும்.

டிரில்லிங் மெஷின் மாதிரி தலைக்கனம் உள்ளதற்கு, சக்கரங்கள் மெஷினின் அடிக்கு நேர்கீழே இருக்கக் கூடாது. நான்கு பக்கமும் கைகளை நீட்டினாற்போல ஃபிரேமை அகலமாக்கி, அதன் முனைகளில் இருக்க வேண்டும். தள்ளும்போது தலையைத் தொடாமல் இடுப்புக்குக் கீழே கை வைத்துத் தள்ள வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், தரையைப் பெருக்க வேண்டும்.

``பெருக்கறதுதான் முதல் வேலைன்னு நான் ரெண்டு வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன்'' என்றார் மனைவி.

நகரும்போது சக்கரம், நிற்கும்போது கால்

லேத்துக்குச் சக்கரம் போடுவது வேறு விஷயம். டிரில்லிங் மெஷின் லேசாக ஆடினால் துளை போட்டுவிடலாம். லேத் ஆடினால் வேலை கெட்டுவிடும். அதனால் நண்பர் ஒரே வரியில் சொன்னார்: ``நகரும்போது சக்கரத்துல நிக்கட்டும். வேலை செய்யும்போது கால்ல நிக்கட்டும்.''

இரும்பு சி-சேனலில் ஒரு கனமான ஃபிரேம். லேத்தின் இரண்டு வார்ப்பிரும்புக் கால்களும் அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டன. சக்கரங்களை ஃபிரேமுக்கு அடியில் வைத்தால் லேத் ரொம்ப உயர்ந்துவிடும் என்பதால், வெளிப்பக்கமாக வைத்து வெல்டிங் செய்தார்கள். அப்படியும் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. இப்போது அவர் ஒரு மரப்பலகைமேல் நின்றுதான் லேத் ஓட்டுகிறார்.

ஃபிரேமின் நான்கு மூலைகளிலும் பெரிய நட் வைத்து வெல்டிங். அதில் 20 எம்.எம் போல்ட். போல்ட்டைக் கீழ்நோக்கித் திருகினால் அது தரையை அழுத்தி மெஷினைத் தூக்கும், சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அந்த போல்ட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு 2.5 மி.மீ உயரும். இரண்டு சுற்று போதும், லேத் காலில் நிற்கும். திருப்பி விட்டால் சக்கரத்தில் உட்காரும். போல்ட்டின் அடியில் வைக்க வேண்டிய வட்டமான இரும்புப் பாதங்களை, முந்தின நாள் இரவு அதே லேத்தில்தான் அவர் கடைந்தார். தன் பாதங்களைத் தானே செய்துகொண்டது அது.

சக்கரத்தின் கணக்கிலும் ஒரு நுணுக்கம். லேத் 800 கிலோ, ஃபிரேம் 100 கிலோ. நான்கால் வகுத்தால் ஒரு சக்கரத்துக்கு 225 கிலோ. ``நாலால வகுக்காதே, மூணால வகு'' என்றார் நண்பர். மழைத்தண்ணீர் வெளியே போவதற்காக ஷெட் தரை கேட்டை நோக்கிச் சரிவாக இருக்கிறது. மேடுபள்ளமான தரையில் நான்கு கால் நாற்காலி ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் கனத்தைத் தாங்குவது மூன்று கால்தான். மெஷினுக்கும் அதேதான். அப்படி வகுத்தால் 300 கிலோ. லேத்தில் கியர், சக் எல்லாம் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் கனம் இன்னும் அதிகம். அதனால் ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கும் சக்கரமாக வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. ஜாக்கி வைத்து ஒரு பக்கம் ஓர் அங்குலம் தூக்குவார்கள். உடனே அடியில் மரக்கட்டை. மறுபக்கம் ஓர் அங்குலம், மறுபடி கட்டை. ``ஜாக்கியை நம்பாதே, கட்டையை நம்பு'' என்பது நண்பரின் தாரக மந்திரம். காலையில் ஆரம்பித்தது, ஃபிரேம்மேல் லேத் உட்காரும்போது மூன்று மணி. சரிவு இருக்கிறதே, கேட் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சக்கரத்துக்கு ஆப்புக் கட்டையும் தயாராக இருந்தது.

எலெக்ட்ரீஷியன் வந்து, சுவரோடு நேராக இணைத்திருந்த மூன்று ஃபேஸ் வயரை எடுத்துவிட்டு, எர்த்தோடு கூடிய பெரிய பிளக், சாக்கெட் போட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு முறையும் வயரைக் கழற்றி மாட்டினால், ஃபேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றக்கூடும். பிளக் என்றால் அந்த பயம் இல்லை.

திரும்பி வந்த 40 புஷ்

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு நாள் வரைக்கும். பம்ப் கம்பெனி ஒன்றுக்கு 40 புஷ் கடைந்து அனுப்பியிருந்தார். நாற்பதும் திரும்பி வந்தன. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 0.05 மி.மீ வித்தியாசம். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் புஷ்ஷுக்கு அது பெரிய வித்தியாசம்.

தப்பு எங்கே என்று அவருக்கே தெரியும். முந்தின நாள் ஒரு நீளமான ராடைக் கடைவதற்காக லேத்தைச் சுவரிலிருந்து வெளியே இழுத்திருந்தார். திருப்பி வைக்கும்போது அவசரம். போல்ட்டுகளைக் கைக்கணக்கில் திருகிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரு கால் தரையில் சரியாக அழுந்தவில்லை. அந்த மூலைக்கு லேத்தின் பெட் லேசாக முறுக்கிக்கொண்டது. முறுக்கிய பெட்டில் ஓடும் டூல், நேராகக் கடையாமல் ஒரு பக்கம் சரிவாகத்தான் கடையும்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். லேத்தை நகர்த்தினால், முதலில் பெட்டின்மேல் குறுக்காக ரசமட்டம் வைத்து, ஹெட்ஸ்டாக் பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் ஒரே மட்டம் காட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு தடிமனான ஒரு ராடை சக்கில் மட்டும் பிடித்து, மறுமுனைக்கு எந்தப் பிடிப்பும் கொடுக்காமல், இரண்டு இடங்களில் லேசாகக் கடைவார். மைக்ரோமீட்டர் இரண்டிலும் ஒரே அளவு காட்டும்வரை, டெயில்ஸ்டாக் பக்கத்து போல்ட்டுகளைத் துளித் துளியாகத் திருகுவார். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வேறு வேலை கிடையாது.

நாற்பது புஷ்ஷுக்கும் இரும்பு அவர் கைக்காசு. இரண்டு ராத்திரி கண்விழித்து மறுபடி கடைந்து கொடுத்தார்.

நகர்த்த முடியும் என்பதற்காக ஒரு பொருளை நகர்த்திக்கொண்டே இருக்கக் கூடாது என்பதை அந்த நாற்பது புஷ்கள் சொல்லிக்கொடுத்தன. டிரில்லிங் மெஷினும் ஹேக்ஸாவும் கிரைண்டிங் மெஷினும் தினமும் காலையில் வெளியே வரும், ராத்திரி மூலைக்குப் போகும். லேத், அவசியம் என்றால் மட்டும்தான். கடந்த ஒரு வருடத்தில் அது நகர்ந்தது நான்கே முறை.

மஞ்சள் கோடு

இப்போது ஷெட் தரையில் மூன்றடி இடைவெளியில் இரண்டு மஞ்சள் கோடுகள் இருக்கின்றன. மகள் பெயின்ட் வாங்கிவந்து அடித்தது. வாசற்படியில் தொடங்கி கேட்டில் முடியும். அதற்குள் பகலில் வேலை நடக்கும், பொருள் இருக்கும். ராத்திரி எட்டரைக்கு மேல் ஒரு செருப்புகூட இருக்கக் கூடாது. ஸ்கூட்டருக்கு கேட்டை ஒட்டித் தனி இடம். ஒரு நாள் அவரே ஒரு கட்டு இரும்பு ராடைக் கோட்டுக்குள் போட்டுவிட்டு டி.வி பார்க்க உட்கார்ந்துவிட்டார். ``அப்பா, கோடு!'' என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுந்துபோய் எடுத்தார்.

மாதம் ஒரு முறை செக்-அப்புக்காக அம்மா அந்தக் கோடுகளுக்கு நடுவேதான் வாக்கர் பிடித்து நடந்து வருகிறார். லேத்தைத் தாண்டும்போது மட்டும் ஒரு கையால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். கைப்பிடி இப்போது ஒன்றரை அடி தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் செருகிக்கொள்வார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மகன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன ஆயுத பூஜைக்கு மெஷின்களையெல்லாம் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். பொரி, சுண்டல் எல்லாம் தயார். ஸ்கூட்டர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, லேத்தைக் கைகாட்டினார்.

``அதுக்கும்தான் சக்கரம் இருக்குதே. அதுக்கு எலுமிச்சம்பழம் வெக்கோணுமல்லோ?''

``அம்மா, அது இப்பக் கால்ல நிக்குது. சக்கரம் தரையிலேயே படலை...''

``எறக்கி வெய்யி சாமி. நமக்கு வழி விட்டதல்லோ அது.''

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பேனரை எடுத்தார். நான்கு மூலை போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். 800 கிலோ லேத் மெதுவாகச் சக்கரத்தில் வந்து உட்கார்ந்தது. முன்சக்கரத்துக்கு அடியில் மனைவி அரை மூடி எலுமிச்சையை வைத்தார். அவரும் நண்பரும் தள்ள, சத்தமே இல்லாமல் பழம் நசுங்கியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தரையைத் துடைத்து, லேத்தை மறுபடி அதே இடத்தில் வைத்து, ரசமட்டத்தை எடுத்தார் அவர். இன்னும் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. சுண்டல் தட்டை மகள் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், மஞ்சள் கோட்டுக்கு வெளியே.